சிபாப் போட்டும் மூச்சு நிற்கிறது. அடுத்து என்ன செய்யலாம்?

குடந்தை_கணக்கு:

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் எனக்கு. தொண்டை மூடிக்கொள்ளாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரம்தான் சிபாப். நான் மாஸ்க் போடுகிறேன். ஒவ்வோர் இரவும் போடுகிறேன். இயந்திரத்தில் இருக்கும் கார்டைக் கணினியில் செருகிப் பார்த்த டாக்டரே, சராசரியாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போய்விடுங்கள். மருந்தைச் சாப்பிடாதவருக்கு நோய் தீராமல் இருப்பது ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டும் தீராமல் இருப்பது வேறொன்று. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது.

வயது 51. எடை 54 கிலோ, உயரம் ஐந்தடி. மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது எல்லாம் தொந்தியும் தடித்த கழுத்தும் உள்ள ஆண்களின் வியாதி என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருக்கிறது. அதனால் எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆயின. காலையில் வரும் தலைவலிக்கு ஒற்றைத் தலைவலி மாத்திரை. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததற்குச் சர்க்கரைப் பரிசோதனை. சோர்வுக்கு "மாதவிடாய் நிற்கும் வயதும்மா, அப்படித்தான் இருக்கும்". மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, நோயைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். மாமியாருக்கு நான் குறட்டை விடுவதே பெரிய மானக்கேடு. என் மூச்சு நிற்பதை அவர் கவனித்ததில்லை. அந்த நேரத்தில்தானே வீடு அமைதியாக இருக்கும்!

மருத்துவமனையில் ஓர் இரவு தலையெல்லாம் ஒயர் ஒட்டி எடுத்த பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ. 46 என்று வந்தது. மணிக்கு 46 முறை மூச்சு நின்றுபோகிறது அல்லது குறைந்துபோகிறது. 30-ஐத் தொட்டாலே தீவிரம் என்பார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

செய்து பார்த்தவை:

சிபாப், அழுத்தம் 13. காற்று வயிற்றுக்குள் போய், விடியும்போது வயிறு உப்பிக் கல்லாகிவிடும். ஏப்பம் விட்டுக்கொண்டே பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பேன். அதற்காக பைபாப் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அதில் அழுத்தம் இரண்டு: மூச்சை இழுக்கும்போது 16, விடும்போது 11. வயிறு பரவாயில்லை. ஆனால் எண் போதிய அளவு இறங்கவில்லை.

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். மூக்கு நன்றாகத் திறந்துகொண்டது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு நிற்பது நிற்கவில்லை.

கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கும் பல் கருவி. 46 என்பது 33 ஆனது. கூடவே காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி. காலையில் கருவியைக் கழற்றினால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்காது. இட்லியையே முன்பல்லால் கடிக்க முடியாமல் போனபோது நிறுத்திவிட்டேன்.

இப்போது பைபாப்பில் இருக்கிறேன். கடைசியாக எடுத்த அறிக்கையில் ஏ.ஹெச்.ஐ. 22. அதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அடைப்பால் வருவது 4. 'சென்ட்ரல்', அதாவது மூளையிலிருந்து மூச்சுக் கட்டளை வராமல் நிற்பது என்று 15. மீதி அரைகுறை மூச்சு. முதல் பரிசோதனையில் சென்ட்ரல் என்பது மணிக்கு ஒன்றுகூட இல்லை. இந்த 15 எங்கிருந்து முளைத்தது என்று கேட்டேன். "இயந்திரம் அப்படித்தான் காட்டும், 46-க்கு 22 நல்ல முன்னேற்றம்தானே" என்று பதில். பாதிக்கும் கீழே வந்துவிட்டதாம். என் மாணவர்கள் 22 மதிப்பெண் வாங்கிவிட்டு இப்படித்தான் பேசுவார்கள்.

அன்றாடம் எப்படி இருக்கிறது என்றால், ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. சிக்னலில் நின்றபோது ஒருமுறை கண் செருகியது. அதோடு சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன். டவுன் பஸ்ஸில் போகிறேன். என் நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் கம்பியில் டிக்கெட்டில் துளையிடும் கருவியைத் தட்டி எழுப்பிவிடுகிறார். அவரே சொல்லி வைத்ததுபோல் செய்கிறார், நான் கேட்டதில்லை. தேர்வறைக் கண்காணிப்பில் உட்காரவே மாட்டேன். நடந்துகொண்டே இருப்பேன். பிள்ளைகள் என்னைக் கண்டிப்பானவள் என்று நினைக்கிறார்கள்.

கேட்க விரும்புவது இதுதான். இந்த சென்ட்ரல் விவகாரத்தை யாராவது கடந்து வந்திருக்கிறீர்களா? தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சை என்று ஒன்றைப் பற்றி ஒரு டாக்டர் சொன்னார். 51 வயதில் அது தகுமா? மூக்குத்தி போட்டிருப்பவர்கள் மாஸ்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் விடிய விடியப் புண்ணாகிறது.

---

நலமே_நாடு:

சகோதரி, கவலை வேண்டாம். இப்போது எடையைக் குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கூடவே பிராணாயாமம் செய்தால் நுரையீரல் பலப்படும்.

---

குடந்தை_கணக்கு:

ஐயா, நீங்கள் சொல்வது டிர்செபடைடு. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது உண்மை. உடல் பருமனோடு சேர்ந்து இந்த நோய் இருப்பவர்களுக்கு என்றுதான் கொடுத்தார்கள். 54 கிலோவில் நான் எதைக் குறைக்க? பிராணாயாமம் காலையில் செய்கிறேன். விழித்திருக்கும்போது எனக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை.

---

சேலத்து_மருமகள்:

அக்கா, மூக்குத்திக்கு மட்டும் பதில். இரவில் கழற்றிவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் தட்டையான பிளாஸ்டிக் ஆணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கவரிங் கடையிலேயே கிடைக்கும். மூக்கை முழுவதும் மூடும் மாஸ்கில் கல் வைத்த மூக்குத்தி இருந்தால் சிலிக்கான் விளிம்பு அங்கே தூக்கிக்கொள்ளும். காற்று அந்த வழியாகக் கண்ணுக்குள் அடிக்கும். இன்னொன்று, தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் பட்டை வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுப்போகும். நான் சனிக்கிழமைக் காலையில் எண்ணெய் வைத்து மதியமே அலசிவிடுகிறேன். கொண்டையை உச்சியில் போட்டால் பின்பட்டை ஒழுங்காக உட்காரும். பார்க்கச் சகிக்காது, இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

---

இரவுப்பணிக்காரன்:

டீச்சர், வணக்கம். நான் டாக்டர் இல்லை. கோவையில் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன். நீங்கள் எண்களைப் பிரித்து எழுதியது நல்லதாயிற்று. பலர் மொத்த எண்ணை மட்டும் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இயந்திரம் "அப்படித்தான் காட்டும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். காற்றுக் கசிவு அதிகமாக இருந்தால் இயந்திரத்தின் கணக்கு தடுமாறும், அது உண்மை. அதனால் முதலில் அறிக்கையில் கசிவு எவ்வளவு என்று பாருங்கள். கசிவு குறைவாக இருந்தும் 15 வந்தால் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு கோளாறுகள். அடைப்பு என்றால், மூச்சு இழுக்கும் முயற்சி இருக்கிறது, தொண்டை மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் போராடுவது பரிசோதனையில் தெரியும். சென்ட்ரல் என்றால் தொண்டை திறந்தே இருக்கிறது, மூளை "மூச்சு விடு" என்று சொல்லவில்லை. நெஞ்சுப் பட்டியில் கோடு தட்டையாகப் போகும். முதல் பரிசோதனையில் இல்லாத சென்ட்ரல், இயந்திரம் போட்டபின் வருவது புதிதல்ல. காரணம் கார்பன் டை ஆக்சைடு. தூக்கத்தில் மூச்சு விடத் தூண்டுவது பெரும்பாலும் அதுதான். இயந்திரம் தொண்டையைத் திறந்து காற்றோட்டத்தைக் கூட்டும்போது அது இரத்தத்தில் குறைந்துபோகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் மூளை சும்மா இருந்துவிடும். மறுபடி ஏறியதும் மூச்சு வரும். வேகமாக வரும், மறுபடி குறையும். இந்தச் சுழற்சி சிலருக்கு இயல்பிலேயே கூர்மையாக இருக்கிறது.

பலருக்கு இது சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அடங்காதவர்களும் உண்டு. இங்கேதான் உங்கள் விஷயத்தில் ஒன்று உறுத்துகிறது. வயிற்று உப்புசத்துக்காக பைபாப் கொடுத்தது புரிகிறது. ஆனால் 16-க்கும் 11-க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக்கும். கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்கும். நாம் மூச்சு இழுக்காதபோது தானே மூச்சைக் கொடுக்கும் வசதி இல்லாத பைபாப், சென்ட்ரலை அதிகப்படுத்தலாம். உங்கள் இயந்திரம் எந்த முறையில் ஓடுகிறது, சிபாப்பில் இருந்தபோது சென்ட்ரல் எவ்வளவு என்று பழைய அறிக்கையைத் தேடிப் பாருங்கள். இந்த ஒரு எண்ணில் பாதி விடை இருக்கும். கார்டு உங்களிடமே இருந்தால் 'ஆஸ்கர்' என்ற இலவச மென்பொருளில் ஒவ்வோர் இரவாக நீங்களே பார்க்கலாம். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அழுத்தத்தை நீங்களே மாற்றாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, ஏ.எஸ்.வி. என்ற வகை இயந்திரம். ஒவ்வொரு மூச்சையும் கவனித்து, குறைந்தால் தாங்கும், கூடினால் தளர்த்தும். சென்ட்ரலுக்கு நன்றாகக் கேட்கும். அதற்கு முன் இதயத்தின் எக்கோ எடுத்தே ஆக வேண்டும். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, பெரும்பாலும் சென்ட்ரல் வகை உள்ள நோயாளிகளில், ஏ.எஸ்.வி. போட்டவர்களுக்கு இதயத்தால் வரும் மரணம் அதிகமானது. அதனால் எக்கோ இல்லாமல் யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதயக் கோளாறே சென்ட்ரலுக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் எக்கோ வேண்டும்.

ஒரு கேள்வி. தாடை வலிக்கோ மூட்டு வலிக்கோ டிராமடால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அந்த வகை மருந்துகள் மூளையின் மூச்சுக் கட்டளையை மந்தப்படுத்தும். தைராய்டும் பார்த்தாயிற்றா?

அசெட்டசோலமைடு என்ற பழைய மாத்திரை ஒன்றைச் சில டாக்டர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை:

அம்மா, தாடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். மதுரை. செய்தபோது வயது 38. நானும் ஒல்லிதான். சின்ன வயதிலிருந்தே கீழ்த்தாடை உள்ளே போய், பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தும் மோவாயும் ஒன்றாகத் தெரியும். உள்ளே நாக்குக்கு இடமே கிடையாது. மல்லாந்து படுத்தால் அது பின்னுக்குச் சரிந்து வழியை அடைத்துவிடும். எனக்கு சிபாப்பில் வேறு பிரச்சினை. 18 வரை ஏற்றியும் அடங்கவில்லை.

முதலில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு எங்கே மூடுகிறது என்று பார்த்தார்கள். நீங்கள் எந்த அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் சம்மதிக்காதீர்கள். அண்ணம் மூடுகிறதா, பக்கச் சுவரா, நாக்கின் அடியா, குரல்வளை மூடியா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். குரல்வளை மூடி மடிந்து விழுபவர்களுக்கு இயந்திரத்தின் அழுத்தமே அதை இன்னும் அழுத்திவிடலாம் என்று என் டாக்டர் காட்டினார். எனக்கு அண்ணமும் நாக்கின் அடியும்.

மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்து முடுக்குகிறார்கள். சுவரோடு ஒட்டிய மேஜையை ஒரு சாண் முன்னால் இழுத்தால் பின்னால் ஆள் போக வழி கிடைக்கிறதல்லவா, அதுதான். நாக்கும் அண்ணமும் எலும்போடு சேர்ந்து முன்னால் வந்துவிடும்.

அதன் பிறகான வாரங்களைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்வதில்லை. முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. பல்வரிசைகளை ரப்பர் வளையம் போட்டுப் பிடித்திருந்தார்கள். வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், தெளிந்த ரசம், எல்லாம் ஊசி இல்லாத சிரிஞ்சில். என் மனைவி ஒருநாள் சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுத்தாள். வாசனைக்கே கண் கலங்கியது. கீழுதடும் மோவாயும் மரத்துப்போயின. ரசம் வழிந்து சட்டையில் சொட்டுவது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பெரும்பகுதி உணர்வு திரும்பிவிட்டது. மோவாயில் ஐம்பது பைசா அளவுக்கு ஓரிடம் இன்றும் மரத்தே இருக்கிறது. ஷேவ் செய்யும்போது அங்கே கண்ணாடி பார்த்துத்தான் செய்வேன். வயது ஏற ஏற இந்த மரமரப்பு முழுதாகப் போவது குறைவு என்று எனக்குச் சொன்னார்கள். அதை நீங்கள் யோசிக்க வேண்டும். முகமும் மாறும். என்னை நல்லவிதமாக மாற்றியது. அத்தை மட்டும் "யாரப்பா இவன்" என்ற மாதிரி பார்த்தார்.

ஏ.ஹெச்.ஐ. 58 இருந்தது 7 ஆயிற்று. இயந்திரத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

காப்பீட்டுக்காரர்கள் "இது அழகுக்குச் செய்வது" என்று நிராகரித்தார்கள். தூக்க மருத்துவரின் கடிதம், இரண்டு பரிசோதனை அறிக்கைகள், சிபாப் தோற்றதற்கான கார்டு அறிக்கை எல்லாம் வைத்து மறுபடி எழுதியபின் ஒரு பகுதி கிடைத்தது. அறிக்கைகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.

ஆனால் உங்கள் எண்களைப் பார்த்தால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இயந்திரத்தில் உங்களுக்கு அடைப்பு 4-தான். எலும்பை நகர்த்தினால் அடைப்புதான் போகும். அந்த 15-க்கு முதலில் வழி பார்க்காமல் தாடையில் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

---

இரவுப்பணிக்காரன்:

வைகைக்கரை சொன்னது முக்கியம். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியைப் பற்றியும் யாராவது உங்களிடம் பேசுவார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரி பதித்து, மூச்சு இழுக்கும்போது நாக்கை முன்னால் தள்ளும். அமெரிக்காவில் 2014-இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கும் அதே கட்டுப்பாடு. மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் சென்ட்ரலாக இருந்தால் அது ஏற்றதல்ல.

---

குடந்தை_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. பழைய உறைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

சிபாப்பில் இருந்தபோது எடுத்த அறிக்கையில் சென்ட்ரல் 6. பைபாப்புக்கு மாறிய மாதம் 11. இப்போது 15. கசிவு குறைவாகவே இருக்கிறது. இதை வரைபடத் தாளில் குறித்து டாக்டரிடம் எடுத்துப்போனேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதை யார் போட்டுக் கொடுத்தார்கள்?" என்றார். பத்தாம் வகுப்புப் பாடம் என்றேன். அதன் பிறகு பேச்சு மாறியது. இதுவரை "பொறுத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னவர், உட்காரச் சொல்லி முழுதாகக் கேட்டார்.

டிராமடால் இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், அளவு சரியாக இருக்கிறது. எக்கோ எடுத்தாயிற்று. பம்ப் செய்யும் திறன் 62 சதவீதம். ஏ.எஸ்.வி. போட்டு ஓர் இரவு மருத்துவமனையில் படுத்து அழுத்தங்களை நிர்ணயிக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றார். தாடையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். வைகைக்கரை தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துப் பயந்து அல்ல. கழித்தல் கணக்கு அப்படி வருகிறது.

சேலத்துத் தங்கைக்கு: ஆணி வாங்கிவிட்டேன். புண் ஆறிவிட்டது.

இரவுப்பணிக்காரருக்கு ஒரு கேள்வி. ஏ.எஸ்.வி. விலையைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது. வாங்காமல் முதலில் பார்க்க வழி உண்டா? எங்கள் தெருவில் இரவில் கரன்ட் வேறு போகிறது.

---

இரவுப்பணிக்காரன்:

எக்கோ நன்றாக வந்ததில் மகிழ்ச்சி, டீச்சர். வாடகைக்குக் கிடைக்கும். பெரிய ஊர்களில் இயந்திரம் விற்பவர்களே மாத வாடகைக்குத் தருகிறார்கள். முன்பணம் கேட்பார்கள், வாங்கினால் வாடகையைக் கழிப்பார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாத அறிக்கையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முதல் வாரம் காற்று தள்ளுவதும் விடுவதும் விநோதமாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கரன்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் படுக்கையறைப் பிளக் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் சேர்ந்திருக்கும். ஈரப்பதத்துக்காகத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். கரன்ட் அடிக்கடி போகும் இரவுகளில் அதை அணைத்துவிட்டால் பேட்டரி தாங்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் சொந்த மாஸ்கையும் தலையணையையும் கொண்டுபோங்கள். இரண்டு பழைய அறிக்கைகளும், அந்த வரைபடத் தாளும் கையில் இருக்கட்டும். இரவுப் பணியில் இருக்கும் பையன் காலை டாக்டர் எழுதிய சீட்டை மட்டும்தான் பார்த்திருப்பான். சென்ட்ரல்தான் பிரச்சினை என்று ஒயர் ஒட்டும்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.